தேடிக் காணும் மருத்துவம்



கோட்டை வாயிலில் முரசறைந்து நிற்கும் பகைவனை எதிர்ப்பது ஒருவகைப் போர். நம்மவர்போல் உடையணிந்து, நம் தெருவிலேயே நடமாடும் பகைவனை எதிர்ப்பது வேறுவகைப் போர். பின்னதில் வாளினும் விளக்கே முதலில் வேண்டப்படும் கருவி. கொள்ளைநோய் இந்த இரண்டாம் வகைப் பகைவன். அதை அடக்குவதற்கு மருந்து வேண்டும், மருத்துவமனை வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். அவற்றிற்கு முன்னதாக, நோய் யாரிடம் உள்ளது, யாரிடம் இல்லை என்று தெரிந்தாக வேண்டும். மக்களிடையே தேடிச் சென்று அதனைக் கண்டறியும் முயற்சியையே பரவலான பரிசோதனை என்கிறோம். அம்முயற்சியின் வரலாற்றை இன்று உங்களுடன் சேர்ந்து நோக்க விரும்புகிறேன்.

'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, நோய் இன்னதென்று ஆராய்வதை முதற்படியாக வைத்தார். மருத்துவம் செய்தலைப் பின்னரே வைத்தார். அவர் கருதியது தன்னிடம் வந்த நோயாளியை ஆராயும் மருத்துவனை. கொள்ளைநோய்க் காலத்திலோ அந்த ஆராய்ச்சி ஓர் ஊர் முழுவதற்கும் உரியதாகிறது. நோயாளி மருத்துவனை நாடி வரும்வரை காத்திருந்தால், அவர் வருவதற்குள் நோய் பத்து வீடுகளுக்குச் சென்றிருக்கும். எனவே மருத்துவன் வீதியில் இறங்க வேண்டியவனாகிறான். அவன் வீதியில் இறங்கும்போது மக்கள் கதவைத் திறக்கிறார்களா, அடைக்கிறார்களா என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

முதலில் 1897-ஆம் ஆண்டிற்குச் செல்வோம். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் நோய் தோன்றியது. விரைவில் அது பூனா நகருக்கும் பரவிற்று. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றிப் பேரதிகாரங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பூனாவில் பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமை வகித்த வால்டர் ராண்டு என்ற அதிகாரி, வீடுவீடாகத் தேடும் பொறுப்பைப் படைவீரர்களிடம் ஒப்புவித்தார். அவர்கள் அடுக்களைக்குள்ளும், பூசை அறைக்குள்ளும், பெண்டிர் இருக்கும் உள்ளறைகளுக்குள்ளும் புகுந்தனர். ஐயத்திற்குரியவர்களை முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். வீட்டுப் பொருள்கள் எரியூட்டப்பட்டன. விளைவு யாது? மக்கள் நோயாளிகளை மறைத்தனர், இறந்தோரையும் மறைத்தனர். 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு, சாபேகர் சகோதரர்களால் ராண்டு சுடப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை விடுதலைப் போராட்டத்தின் ஓர் ஏடாக நாம் படித்திருக்கிறோம். மருத்துவ வரலாற்றின் ஏடாகவும் இதைப் படிக்கலாம். பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும் ஒரு வீட்டின் வாயிலில் நின்று, இவருக்கு வந்திருப்பது பிளேக்கா, வேறு காய்ச்சலா என்று விரைந்து பிரித்தறியும் சோதனை எதுவும் தேடியவர்களின் கையில் இல்லை. சோதனை இல்லாத இடத்தில் காய்ச்சல் கண்டவர் அனைவரும் குற்றவாளிகள்போல் ஆகிவிடுவர். நல்ல சோதனை நோயாளியைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை; நோயில்லாதவரை ஐயத்திலிருந்து விடுவிக்கவும் செய்கிறது. இந்த இரண்டாம் பயனை நாம் பலமுறை மறந்துவிடுகிறோம்.

அடுத்து, அதே தேடுதல் வெற்றி கண்ட காலத்தைக் காண்போம். 1973-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெரியம்மை, பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நிலைத்திருந்தது. எல்லோருக்கும் அம்மை குத்துவது என்ற பழைய முறை மட்டும் போதாதென்று கண்ட இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும், அவ்வாண்டின் பிற்பகுதியில் வீடுவீடாகத் தேடும் இயக்கத்தைத் தொடங்கின. பணியாளர்கள் பெரியம்மை கண்ட குழந்தையின் படம் ஒன்றைக் கையில் ஏந்தி, "இத்தகைய நோயை எங்கேனும் கண்டீர்களா?" என்று சந்தையிலும் பள்ளியிலும் வினவினர். அந்தப் படமே அவர்களுடைய சோதனைக் கருவி! பெரியம்மை முகத்தில் எழுதி வைத்ததுபோல் தெரியும் நோயாதலால் அதுவே போதுமானதாயிற்று. முதல் தேடுதலிலேயே, அதுவரை அரசுக்கு அறிவிக்கப்பட்டு வந்ததைவிடப் பன்மடங்கு நோயாளிகள் வெளிப்பட்டனர். எண்ணிக்கை உயர்ந்தது கண்டு சிலர் கலங்கினர். உயர்ந்தது நோயன்று, நோயைப் பற்றிய அறிவு. நோய் கண்ட வீட்டைச் சூழ்ந்திருந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தப்பட்டது. வாயிலில் காவலர் அமர்த்தப்பட்டனர். செய்தி கொண்டு வந்தவருக்குப் பரிசும் உண்டு. 1975-இல் அப்பரிசு 1,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தோடு இந்திய மண்ணில் பெரியம்மை முடிவுற்றது. 1980 மே 8-ஆம் நாள் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

தொலைவிலுள்ள ஊர்களைப் பற்றியே கூறுவானேன்? எங்கள் காஞ்சிபுரம் முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் தொழுநோய் மிகுதியாக இருந்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் 1955-இல் அமைந்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அவ்வாண்டில்தான் தொடங்கிற்று. பணியாளர்கள் ஊர்தோறும் பள்ளிதோறும் சென்று, தோலில் நிறம் மாறிய தேமல் உண்டா, அங்கே உணர்ச்சி குன்றியிருக்கிறதா என்று பார்த்தனர். இந்நோய் என்று தெரிந்தால் உற்றாரும் ஊராரும் விலக்கி வைத்த காலம் அது. ஆகவே தேமலை ஆடையால் மறைத்தவர் பலர். 1940-களில் சல்போன் மருந்தும், 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சையும் வந்தன. கண்டறியப்பட்டால் விலக்கி வைப்பார்கள் என்ற நிலை மாறி, கண்டறியப்பட்டால் குணமாகலாம் என்ற நிலை பிறந்தது. அப்போதுதான் தேடிச் செல்வதற்கு உண்மையான பொருள் ஏற்பட்டது. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற்கும் கீழே தொழுநோய் நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் முடிவில் இறங்கிற்று.

இனி, நீங்களே கண்ணாரக் கண்ட கொள்ளைநோய்க்கு வருவோம். 2020 ஜனவரி 30-ஆம் நாள் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். மார்ச் 7-ஆம் நாள் தமிழ்நாட்டின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். சிகிச்சை பெற்று நலமடைந்தார். நெசவும் கோயிலும் அன்றி வேறு எதற்காகவும் செய்தித்தாளில் அடிக்கடி இடம்பெறாத எங்கள் ஊர், அன்று இவ்வாறு இடம்பெற்றது.

பெரியம்மைக்கும் இந்நோய்க்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. இது முகத்தில் எழுதாத நோய். இத்தாலி நாட்டில் வோ என்று ஒரு சிற்றூர். ஏறத்தாழ 3,300 மக்கள் வாழ்வது. 2020 பிப்ரவரியில் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் அந்நாட்டின் முதல் கொரோனா மரணத்திற்கு ஆளானவுடன், ஊர் எல்லையை மூடி, மக்களில் பெரும்பாலோரைச் சோதித்தனர். இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தனர். முதல் சோதனையில் 100-க்கு 2.6 பேரிடம் தொற்று இருந்தது; இரண்டாவதில் அது 1.2 ஆகக் குறைந்தது. உலகம் வியந்தது வேறொன்றைக் கண்டு: தொற்று இருந்தவர்களுள் 100-க்கு 40-க்கும் மேற்பட்டோருக்கு இருமலோ காய்ச்சலோ எந்த அறிகுறியும் இல்லை. படத்தைக் காட்டி வினவும் முறை இங்கே எங்ஙனம் பயன்படும்? ஆய்வுக்கூடத்தின் துணையின்றி இந்நோயைக் காண இயலாது.

அந்த ஆய்வுக்கூடச் சோதனை எவ்வாறு இயங்குகிறது? மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கிறார்கள். அதிலுள்ள வைரசின் மரபுப் பொருள் காணவியலாத அளவு நுண்ணியது. அதனை முதலில் வேறு வடிவிற்கு மாற்றி, பின்னர் மீண்டும் மீண்டும் இரட்டிக்கச் செய்கிறார்கள். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்ட புலவனின் கதை உங்களுக்குத் தெரியும். ஒன்று பத்து முறை இரட்டித்தால் 1,024. இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சத்திற்கு மேல். முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேல். இரட்டிக்கும் இம்முறையை 1983-இல் கண்டவர் கேரி முல்லிஸ் என்னும் அமெரிக்கர். 1993-இல் நோபல் பரிசு பெற்றவர். இதனையே ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை என்று செய்திகளில் கேட்டோம்.

கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-இல் தோன்றியது, அம்மைப்பால் தயாரித்தது. அதே நிலையத்தில்தான் தமிழ்நாட்டின் கொரோனா சோதனையும் தொடங்கிற்று. அதன்பின் தேனி, திருநெல்வேலி, திருவாரூர் என்று அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்கள் திறக்கப்பட்டன. தனியார் கூடங்களும் சேர்ந்தன. ஓராண்டு முடிவதற்குள் கூடங்களின் எண்ணிக்கை 200-ஐக் கடந்தது. செய்யப்பட்ட சோதனைகள் ஒரு கோடியைக் கடந்தன. வேறு மாநிலங்கள் பல விரைவான, ஆனால் நுண்மை குறைந்த சோதனைகளையும் பெருமளவில் கைக்கொண்டபோது, தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பற்றி நின்றது.

இப்பாதை நேரானதாக இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து விரைவுச் சோதனைப் பெட்டிகள் வரவழைக்கப்பட்டன. அவை காட்டிய முடிவுகள் நம்பத்தக்கனவாக இல்லை என்று கண்டு, அம்மாதமே அவற்றைத் திருப்பி அனுப்புமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பொய் கூறும் துலாக்கோல், துலாக்கோல் இல்லாமையினும் தீங்கானது. அதே காலத்தில் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவிற்று. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அதற்குள் அங்கு மூட்டை சுமந்தோரும், வண்டி ஓட்டியோரும், வணிகரும் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களிலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, நலமாக இருப்பதாகத் தோன்றிய பலரிடமும் தொற்று காணப்பட்டது. சோதனை சந்தைக்குப் பின்னே ஓடிற்று. முன்னே செல்ல இயலவில்லை. காலத்தில் செய்யும் நூறு சோதனை, காலம் கடந்து செய்யும் ஆயிரத்தினும் மேலானது.

கணிதம் பயிலும் மாணவர்கள் இங்கே சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். 10,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். நம் சோதனை தொற்றுடையோர் 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டும். தொற்றில்லாத 100 பேரில் 2 பேரைத் தவறாகக் காட்டும். கேட்பதற்கு நல்ல சோதனைதான். ஊர் முழுவதையும் சோதித்தால் உண்மை நோயாளிகள் 90 பேர் அகப்படுவர். 10 பேர் தப்புவர். தொற்றில்லாத 9,900 பேரில் 198 பேர் தவறாக அகப்படுவர். அதாவது நோயாளிகள் என்று பிரிக்கப்பட்ட 288 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே உண்மை நோயாளிகள்! கண்மூடித்தனமாக எல்லோரையும் சோதிப்பதைவிட, நோய் இருக்கக்கூடிய இடமறிந்து சோதிப்பதும், ஐயமிருப்பின் மறுமுறை சோதிப்பதும் நன்று என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1943-இல் ராபர்ட் டார்ப்மன் என்னும் அமெரிக்கர், படையில் சேர வந்தோரின் இரத்தத்தைத் தனித்தனியே சோதிக்காமல், பலருடையதை ஒன்றாகக் கலந்து சோதிக்கலாம் என்று காட்டினார். 100 பேரை ஐந்து ஐந்து பேராக 20 குழுக்களாக்குங்கள். ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தால் 19 குழுக்கள் முதல் சோதனையிலேயே விடுபட்டுவிடும்; எஞ்சிய ஐவரைத் தனித்தனியே சோதித்தால் போதும். 100 சோதனைக்கு 25 சோதனையே செலவு. தொற்று குறைவாக உள்ள பகுதிகளில் ஐந்து பேர் வரை இவ்வாறு சேர்த்துச் சோதிக்கலாமென 2020 ஏப்ரலில் நம் நாட்டிலும் அனுமதிக்கப்பட்டது. வறிய நாடு அறிவினால் செல்வமுடையதாகலாம் என்பதற்கு இது சான்று.

இத்துணைச் சோதனை செய்தும் நாம் கண்டது எவ்வளவு? சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் முன்னின்று நடத்திய நாடு தழுவிய இரத்த ஆய்வின்படி, 2020 மே, ஜூன் மாதங்களில் வயது வந்தோருள் 100-க்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே பழைய தொற்றின் அடையாளம் இருந்தது. அந்தச் சிறு பங்கினுள்ளும், கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் கண்டறியப்படாதவர் எண்பதுக்கும் மேற்பட்டோர் இருந்திருக்கலாமென அவர்கள் கணித்தனர். எஞ்சியோர் ஏன் கண்டறியப்படவில்லை? பலருக்கு அறிகுறியே இல்லை. சோதனைக் கூடங்கள் அப்போது குறைவு. மூன்றாவது காரணமும் உண்டு. பலர் வர அஞ்சினர். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் பிள்ளையார்பாளையத்துக்காரனாகிய நான் சிறிது கூற வேண்டும்.

எங்கள் பகுதியில் தறி என்பது வீட்டிற்குள் இருப்பது. உண்பதும் உறங்குவதும் நெய்வதும் ஒரே கூரையின் கீழ். கரையையும் உடலையும் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இருவர் தறியில் அமர வேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது தந்தையும் மகனும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அத்தகைய வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால், அன்று பதினான்கு நாட்கள் வீடே அடைபட்டது. வாயிற்கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. தறியில் ஏறிய பாவு அப்படியே நின்றது. அண்டை வீட்டார் நீர் எடுக்கக்கூட அப்பக்கம் வரத் தயங்கினர். இந்நிலையில் இலேசான காய்ச்சலுக்குச் சோதனை முகாமுக்குப் போகாமலிருந்த நெசவாளியை அறிவிலி என்று இகழலாமா? அவர் கணக்குத் தெரிந்தவர். போனால் இழப்பது இன்னதென்று அவருக்குத் திட்டமாகத் தெரியும். பெறுவது என்னவென்பதைத்தான் யாரும் அவருக்குத் தெளிவாகக் கூறவில்லை.

இதனை உணர்ந்து நடந்த நாடுகள் நற்பயன் கண்டன. தென் கொரியா, 2015-இல் மெர்ஸ் என்னும் நோயால் அடிபட்டுப் பாடம் கற்றிருந்தது. 2020 பிப்ரவரித் தொடக்கத்திலேயே சோதனைப் பெட்டிக்கு ஒப்புதல் அளித்துப் பெருமளவில் சோதித்தது. தனித்திருந்தோருக்கு உணவுப் பொருளும் உதவித்தொகையும் கொடுத்தது. ஸ்லோவாக்கியா நாடு 2020 அக்டோபர் இறுதியில் இரண்டே நாட்களில் 36 லட்சம் பேரைச் சோதித்தது. மறுசோதனை நடந்த மாவட்டங்களில் ஒரு வாரத்திற்குள் தொற்று பாதிக்கு மேல் குறைந்தது. ஆயினும் அக்குளிர்காலத்திலேயே நோய் அங்கு மீண்டும் கடுமையாக எழுந்தது. ஒருநாள் விளக்கேற்றினால் மறுநாள் இரவும் வெளிச்சமாக இருக்குமா? சோதனை தொடர்ந்து நடைபெற வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியவையும் தொடர்ந்து நடைபெற வேண்டும்.

நம் மாநிலத்திலும் நன்முயற்சிகள் நடந்தன. 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கப்பட்டன. சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. மருத்துவமனை வாயிலை மிதிக்கத் தயங்கியவரும் தம் தெரு முனையிலுள்ள முகாமுக்கு வந்தனர். 1897-இல் வீட்டு வாயிலுக்கு வந்தவர் துப்பாக்கியோடு வந்தார். 2020-இல் வந்தவர் காய்ச்சல் காணும் கருவியோடு வந்தார். பின்பற்றிய சட்டங்களுள் அதே 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் ஒன்று என்பது வியப்பன்றோ! சட்டம் ஒன்றாயிருந்தும் விளைவு வேறுபட்டதற்குக் காரணம், சட்டத்தைக் கையில் எடுத்தவர் மக்களை நோக்கிய நோக்கு.

மாணவச் செல்வங்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது இதுதான். சோதனை என்பது ஒரு வினா. அவ்வினாவிற்கு மக்கள் உண்மையான விடை கூற வேண்டுமானால், விடை கூறியவன் அதனால் பட்டினி கிடக்கமாட்டான், இழிவுபடமாட்டான் என்ற உறுதி முன்கூட்டியே தரப்பட வேண்டும். பூனாவில் அவ்வுறுதி இல்லை. பெரியம்மைத் தேடுதலில் பரிசும் தடுப்பூசியும் இருந்தன. தொழுநோய்த் தேடுதலில் குணப்படுத்தும் மருந்து வந்தபின் அது பிறந்தது. கருவி நுண்மையடைந்துகொண்டே வருகிறது; உறுதிதான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரப்பட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் 2019 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அத்திவரதர் திருவிழா நிகழ்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்து சென்றனர். அடுத்த ஆண்டின் கொள்ளைநோய் சில திங்கள் முந்தியிருப்பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அவ்விழா இனி 2059-இல் நடைபெறும். அன்று உங்களுள் ஒருவர் மருத்துவராக, ஒருவர் மாவட்ட ஆட்சியராக, ஒருவர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவராக, ஒருவர் தறியில் அமர்ந்தவராக இருப்பீர்கள். அப்பொழுது எந்த நோய் எவ்வடிவில் வருமோ அறியோம். ஆட்சியர் தறிக்காரருக்கு முதலில் அரிசியை அனுப்பி, பின்னர்ச் சோதனைக் குச்சியை அனுப்பட்டும். தறிக்காரர் அஞ்சாமல் கதவைத் திறக்கட்டும்.